கெடு முடிந்தும் வராத கடிதம்

நியமனக் கடிதத்தில் ஆறு மாதம் என்று போட்டிருக்கும். ஆறு மாதம் முடியும். ஏழாவது மாதச் சம்பளமும் கைக்கு வந்துவிடும். ‘நிரந்தரம் செய்துவிட்டோம்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்றும் சொல்லமாட்டார்கள். சில இடங்களில் கொஞ்ச நாள் கழித்து முன்தேதியிட்டு ஒரு தாள் வரும்: தகுதிகாண் பருவம் மேலும் மூன்று மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. சில இடங்களில் அந்தத் தாளும் வராது. கெடு முடிந்த மறுநாள் காலையில் வேலைக்கு வந்து உட்காரும் அந்த ஊழியர் சட்டத்தின் கண்ணில் யார்? இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் புரொபேஷன், அதாவது தகுதிகாண் பருவம், பற்றிய வழக்குகளைக் கிளறிப் பார்த்தால், வேலை தெரியுமா தெரியாதா என்ற சண்டை அவற்றில் அபூர்வம். முதலாளி வாய் திறக்காமல் இருந்தால் அந்த மௌனத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதே திரும்பத் திரும்ப வரும் தகராறு. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த சட்டம் பெரும்பாலும் முதலாளி கணக்கில் எழுதியது. எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று எண்ணிய சட்டம் தொழிலாளி கணக்கில் எழுதியது. இந்த இரண்டாவது வழியில் மற்ற மாநிலங்களைவிடச் சென்னை மாகாணமும் பிறகு தமிழ்நாடும் அதிக தூரம் போயின. நாள் எண்ணுவது மொண்ணையான முறைதான். அந்த மொண்ணைத்தனம்தான் அதன் பலம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தகுதிகாண் பருவம் என்ற ஏற்பாடு முதலில் கூலித் தொழிலாளிக்காக உண்டானது அல்ல. இங்கிலாந்தில் 1854-ல் வந்த நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை, அரசுப் பணிக்குச் சிபாரிசை ஒழித்துப் போட்டித் தேர்வு வேண்டும் என்றது. தேர்வில் வென்றவரையும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு உறுதி செய்ய வேண்டும் என்ற எண்ணமும் அந்தச் சீர்திருத்தத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. இந்திய சிவில் சர்வீஸுக்குத் தேறியவர்கள் இங்கிலாந்திலேயே புரொபேஷனராக இருந்து சட்டம், இந்திய மொழி, குதிரையேற்றம் எல்லாம் கற்று, இறுதித் தேர்வும் எழுத வேண்டும். அந்தப் புரொபேஷனர்களில் நமக்கு நன்கு தெரிந்தவர், பின்னாளில் புதுச்சேரியில் வந்து தங்கிய அரவிந்தர். 1890-ல் தேர்வில் வென்று, கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டு புரொபேஷனராக இருந்த அவர், குதிரையேற்றத் தேர்வுக்குத் தரப்பட்ட வாய்ப்புகளைத் தவறவிட்டு 1892-ல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வேண்டுமென்றே போகாமல் இருந்தாரா என்பது அவருடைய வரலாற்றாசிரியர்களின் பாடு. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. எத்தனை ஆண்டு, என்னென்ன தேர்வு, எதில் தேறவில்லை என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டில் எழுத்தில் இருந்தன. ஏகாதிபத்தியம் தன் அதிகாரிகளை எடுத்தபோது தகுதிகாண் பருவத்துக்கு ஒரு முடிவு தேதி வைத்திருந்தது. ஆலைக்கு ஆள் எடுத்தபோது அப்படி எதுவும் வைக்கவில்லை.

பம்பாய் பஞ்சாலைகளில் ஆள் எடுப்பதும் அனுப்புவதும் ஜாபர் கையில் இருந்தன. நம்மூரில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். வேலை கிடைக்கவும் அது நிலைக்கவும் அவருக்கு மாமூல் கொடுத்தாக வேண்டும். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர் பதிலி, பம்பாய் வழக்கில் ‘பத்லி’. காலையில் ஆலை வாசலில் நின்று, கூப்பிட்டால் உள்ளே போவார், இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்புவார். 1929-ல் அமைந்து 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி தலைமையிலான அரச ஆணையம், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறிக்கச் சொன்னது. பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் 1935-ல் ஒரு பதிலிக் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தது: மாதத்தின் முதல் தேதியன்று குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பதிலி அட்டை, அட்டை வைத்திருப்பவர் தினமும் காலையில் ஆலைக்கு வர வேண்டும், அன்றைய காலியிடங்களை அவர்களைக் கொண்டே நிரப்ப வேண்டும். மாமூலுக்கு இது ஓரளவு கடிவாளம் போட்டது. ஆனால் அந்த அட்டை அடுத்த மாதம் புதுப்பிக்கப்படும் என்பதற்கோ, எத்தனை அட்டைக்குப் பிறகு நிரந்தரம் என்பதற்கோ உத்தரவாதம் கிடையாது. முடிவு தேதியே இல்லாத தகுதிகாண் பருவம் என்று பதிலி முறையைச் சொன்னால் மிகையில்லை. பிற்காலத்து நீட்டிப்புத் தந்திரங்கள் அத்தனைக்கும் அதுதான் மூலப் பிரதி.

இதற்கு முதல் பதில் 1946-ல் வந்தது. ரேகே தலைமையிலான தொழிலாளர் விசாரணைக் குழு நாடு முழுதும் ஆலைகளையும் சுரங்கங்களையும் பார்த்து, தன் வேலையின் நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சொன்ன காலம் அது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்துவந்த ஆண்டுகளும் அவையே. 1946 ஏப்ரலில் நிறைவேறிய தொழில் நிலையாணைகள் சட்டம், 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் வேலை நிபந்தனைகளை நிலையாணைகளாக எழுதி, அரசு அதிகாரியிடம் சான்று பெற வேண்டும் என்றது. சட்டத்தோடு வந்த மத்திய விதிகளின் மாதிரி நிலையாணைகளில் இரண்டு வரையறைகள் இருந்தன. நிரந்தரக் காலியிடத்தில் தற்காலிகமாக வைக்கப்பட்டு, அதில் மூன்று மாதப் பணியை முடிக்காதவர் புரொபேஷனர். மூன்று மாதத் தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்தவர் நிரந்தரத் தொழிலாளி. அந்த மூன்று மாதத்தில் நோய், விபத்து, விடுப்பு, கதவடைப்பு, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம் இவற்றால் வந்த இடைவெளியும் சேரும். ‘திருப்திகரமாக’ என்ற சொல் முதலாளிக்கு ஒரு சந்து விட்டது உண்மைதான். ஆனாலும் முதலாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம் என்று அதில் இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டியவர் புரொபேஷனர் என்ற வரையறைக்குள்ளேயே நிற்கமாட்டார். மௌனத்தைத் தொழிலாளி கணக்கில் எழுதிய முதல் வரி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு வரை இதில் ஒரு ஓட்டை இருந்தது: நிலையாணை நியாயமானதா என்று பார்க்கச் சான்று தரும் அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. 1956 திருத்தம் அதை அடைத்தது.

ஆலைக்கு வெளியே, கடை கண்ணியிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு நிலையாணை எட்டவில்லை. அவர்களுக்காகச் சென்னை மாகாணம் 1947-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கொண்டுவந்தது. அதன் 41-ஆவது பிரிவு இன்றும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாமலே அமலில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது. நீக்கினால் அவர் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். பிரிவைத் தலைகீழாகப் புரட்டினாலும் ‘நிரந்தரம்’, ‘புரொபேஷன்’ என்ற பிரிவினை அதில் கிடைக்காது. கேட்பது ஆறு மாத வேலையை மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. மற்றபடி ஜவுளிக்கடை விற்பனையாளரானாலும் கணக்குப்பிள்ளையானாலும், ஏழாவது மாதத்தில் ‘நீ இன்னும் புரொபேஷன்தானே’ என்று காரணம் காட்டாமல் அனுப்ப முடியாது. தகுதிகாண் பருவத்தை எட்டு மாதம், ஒரு வருடம் என்று கடிதத்தில் எவ்வளவு இழுத்தாலும், இந்தப் பிரிவின் முன் அந்த இழுப்புக்குப் பலன் இல்லை.

நீதிமன்றங்கள் வேறு பாதையில் போயின. அரசு ஊழியர் வழக்குகளில் 1957 நவம்பரில் வந்த பர்ஷோத்தம் லால் திங்கரா தீர்ப்பு அடிப்படைக் கோட்டைப் போட்டது: தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்குப் பதவியின் மேல் உரிமை இல்லை, ஆனால் தண்டனையாக நீக்கினால் அரசியல் சட்டத்தின் 311-ஆவது விதிப்படி விசாரணை வேண்டும். தனியார் துறைக்கு 1964-ல் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை இன்றுவரை மனிதவளத் துறைகளுக்கு வேதவாக்கு. அதில் இரண்டு பாதி உண்டு. ஆறு மாதப் புரொபேஷன் என்று நியமித்துவிட்டு, தவறான நடத்தை போன்ற தக்க காரணம் இல்லாமல் அந்த ஆறு மாதம் முடியும் முன் அனுப்ப முதலாளிக்கு உரிமை இல்லை என்பது முதல் பாதி. இது தொழிலாளிக்குச் சாதகம். ஆறு மாதம் முடிந்து, நிரந்தரமும் செய்யவில்லை, நீக்கவும் இல்லை என்றால் அவர் புரொபேஷனராகவே தொடர்கிறார் என்பது இரண்டாவது பாதி. முதல் பாதி கொடுத்ததை இரண்டாவது பாதி வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டது. முதல் ஆறு மாதத்துக்கு முதலாளியின் கையைக் கட்டிய தீர்ப்பு, அதற்குப் பிறகு வரும் காலம் முழுவதற்கும் அவிழ்த்துவிட்டது. மௌனம் அப்படியே முதலாளியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

நான்கு ஆண்டில் இதற்கு ஒரு விதிவிலக்கு பிறந்தது. பஞ்சாபில் உள்ளாட்சிப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அந்த ஆசிரியர்களுக்கென்று வந்த பணி விதிகள், தகுதிகாண் பருவம் நீட்டிப்பையும் சேர்த்து மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றன. அந்த மூன்று ஆண்டும் கடந்த பிறகு ஒருவரை வெறும் முன்னறிவிப்பில் அனுப்பினார்கள். 1968-ல் தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விதியே உச்சவரம்பு வைத்திருக்கும்போது அதற்கு அப்பால் அவர் புரொபேஷனராக இருக்க வழியில்லை, ஆகவே அவர் நிரந்தரமாகிவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த உச்சவரம்பை எழுதுகிறவர் யார்? அரசோ நிர்வாகமோதான். வரம்பை எழுதாமல் விட்டால் 1964 விடை. எழுதினால் 1968 விடை. வரம்பை எழுதி, கூடவே ‘உறுதி செய்யும் ஆணை வெளியிட்டால்தான் நிரந்தரம்’ என்று ஒரு வரி சேர்த்தால் மறுபடியும் 1964 விடை. 2001-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்புகளை எல்லாம் அலசி, இந்த மூன்று வகைகளாகத்தான் பிரித்து வைத்தது. ஒரே அளவு காலம் உழைத்த மூன்று பேருக்கு, தங்கள் கண்ணில் படாத ஒரு விதிப்புத்தகத்தின் வாசக நடையைப் பொறுத்து இரு வேறு கதி. கடிதத்தைப் பார்க்கும் சட்டத்தின் கோளாறு இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை.

இந்த இரு பாதைகளும் நேருக்கு நேர் முட்டிய வழக்கு ஒரு காவலாளியுடையது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது தீப்பெட்டி செய்யும் விம்கோ, உத்தரப் பிரதேசத்திலிருந்த தன் தொழிற்சாலைக்கு 1965-ல் அவரை எடுத்தது. நியமனத்தின்போது எழுதிக்கொண்ட தனி ஒப்பந்தப்படி ஆறு மாதப் புரொபேஷன். அது முடிந்ததும் மேலும் இரண்டு மாதம் நீட்டினார்கள். பிறகு வேலை திருப்தியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நிறுவனமே சான்று பெற்று வைத்திருந்த நிலையாணைகளில் தகுதிகாண் பருவம் இரண்டு மாதம்தான். கம்பெனியின் வாதம் எளிமையானது: அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்திருக்கிறார். 1973-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலையாணைக்கு முரணான தனி ஒப்பந்தம், முன்னால் எழுதினாலும் பின்னால் எழுதினாலும், செல்லாது என்றது. கூட்டாக ஏற்படுத்திய விதியைத் தனித்தனிக் கையெழுத்தால் கழற்றலாம் என்றால் அந்த விதியை எழுதியதற்கே பொருள் இல்லை. வேலை தேடி வாசலில் நிற்பவர் எதற்குத்தான் கையெழுத்துப் போடமாட்டார்? இரண்டு மாதம் தாண்டிய அன்றே அவர் நிரந்தரம். எட்டாவது மாதத்தில் வந்த ‘திருப்தியில்லை’ என்ற கடிதம் ஒரு நிரந்தரத் தொழிலாளிக்கு அனுப்பப்பட்ட கடிதம். தகுதிகாண் பருவம் பற்றிய இந்தியத் தீர்ப்புகளில் தொழிலாளிக்கு அதிகம் கொடுத்தது இதுதான் என்பேன். அது அவருடைய வேலைத் திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாளை எண்ணுவது போதாது, நீக்கத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று துருவிப் பார்ப்பதே நீதி என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் ஒரு மரபு உண்டு. 1974-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஷம்ஷேர் சிங் வழக்கில், ஆணையின் வாசகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் உள்ளே தண்டனை ஒளிந்திருந்தால் செல்லாது என்றது. 1984-ல், காலை உடற்பயிற்சிக்குத் தாமதமாக வர மற்றவர்களைத் தூண்டினார் என்று சந்தேகித்து ஒரு பயிற்சி ஐபிஎஸ் அதிகாரியை வெளியேற்றிய ஆணையை நீதிமன்றம் அப்படித்தான் ரத்து செய்தது. இன்னொரு வழக்கு இவற்றைவிட மனதில் தைப்பது. 1989 செப்டம்பரில் எல்ஐசி ஒரு பெண்ணை ஆறு மாதப் புரொபேஷனில் உதவியாளராக எடுத்தது. அவர் பேறுகால விடுப்பில் போனார். ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலை போனது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், ஆகவே காரணம் வேண்டாம் என்ற தோரணையில் ஆணை வந்தது. வழக்கில்தான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது: மருத்துவப் படிவத்தில் கடைசி மாதவிலக்கு எப்போது என்ற கேள்விக்கு அவர் பொய் சொன்னாராம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே எடுக்கச் சொன்னது. அருமையான தீர்ப்பு. ஆனால் திரையை விலக்கிப் பார்க்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மாதம் சொற்பச் சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு, முதலாளியின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்தால், வருகைப் பதிவேட்டின் அருமை புரியும். அதைப் படிக்க வக்கீல் வேண்டாம்.

பதிவேட்டைப் பார்ப்பதென்றால் 1947 தொழிற்தகராறு சட்டம் 240 நாள் கணக்கை வைத்திருந்தது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடும் வேண்டியிருந்தது. ஸ்டேட் வங்கியில் ஒருவருக்குக் கொடுத்த நியமன ஆணையில், இந்த வேலை ஒன்பது நாளைக்குத்தான், 18.11.1972 அன்று தானாக முடிந்துவிடும் என்று இருந்தது. இப்படி விட்டு விட்டு அவர் பார்த்த வேலை 240 நாளைத் தாண்டியிருந்தது. 1976-ல் நீதிபதி கிருஷ்ணய்யர், எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புத்தான், ஆணையே தன் சாவு தேதியைச் சுமந்து வந்தாலும் அப்படித்தான் என்று தீர்த்தார். 1983-ல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் புரொபேஷனரை நீக்குவதும் இதில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். நாட்காட்டி ஜெயித்தது என்று தோன்றிய நேரம். 1984 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஒரு திருத்தம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிவதையும், ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்தின்படி முடிக்கப்படுவதையும் ஆட்குறைப்பு என்ற வரையறைக்கு வெளியே தள்ளியது. அதன் விளைவு 1994-ல் தெரிந்தது. எல்ஐசியில் ஓராண்டுப் புரொபேஷனில் சேர்ந்த ஒருவருக்கு இன்னோராண்டு நீட்டிப்புக் கொடுத்து, இரண்டாவது ஆண்டும் முடியும் தறுவாயில் அனுப்பிவிட்டார்கள். 240 நாள் எப்போதோ கடந்திருந்தும், நியமனக் கடிதத்தின் ஷரத்துப்படி முடித்தது ஆட்குறைப்பு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். கடிதம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், தொழிலாளிகளைப் பதிலியாகவும் தற்காலிகமாகவும் வருடக் கணக்கில் வைத்திருந்து நிரந்தர உரிமைகளை மறுப்பது முறையற்ற தொழில் நடவடிக்கை என்ற பட்டியலும் அதே ஆகஸ்ட் மாதம்தான் அமலுக்கு வந்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிய மாதம் அது.

தமிழ்நாடு இதற்குச் சற்று முன்பே வேறு மாதிரி யோசித்திருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த 1981-ஆம் ஆண்டு தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இழப்பீடு பற்றிப் பேசவே இல்லை. இருபத்துநான்கு காலண்டர் மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த ஒவ்வொருவரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. அதுவும், வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் என்ற முகவுரையோடு. சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, வேலையின்போது நேர்ந்த விபத்தால் வராத நாள், பேறுகால விடுப்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கட்டுமானம் போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. ‘உறுதி செய்யும் ஆணை’ என்ற தாளுக்கு இதில் இடமே இல்லை. தகுதிகாண் பருவத்தை எத்தனை முறை நீட்டினாலும் 480-ஆவது நாளில் அந்த நீட்டிப்பு செத்துவிடும். வேறு சட்டங்களும் இதே போக்கில்தான் தொழிலாளிக்குக் கை கொடுத்தன. பேறுகாலப் பயன் சட்டம் பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலையைக் கேட்டது. போனஸ் சட்டம் ஓராண்டில் 30 நாளைக் கேட்டது. வருங்கால வைப்பு நிதி சேர்ந்த நாளிலிருந்தே. பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டில் தகுதிகாண் பருவமும் அடக்கம். ‘கன்ஃபர்ம் ஆன பிறகுதான் பிஎஃப்’ என்று இன்றும் சொல்கிற அலுவலகங்கள் சட்டத்தைச் சொல்லவில்லை, தங்கள் சௌகரியத்தைச் சொல்கின்றன.

எதிர்வாதங்கள் சும்மா ஒதுக்கக்கூடியவை அல்ல. ஒரு ஆசிரியரையோ பொறியாளரையோ எடைபோட மூன்று மாதம் போதாது என்பது முதலாவது. நியாயம்தான், அதற்கு விடை தொடக்கத்திலேயே ஓராண்டு, இரண்டாண்டு என்று பருவத்தை வைப்பது. நீட்டிப்பு அதற்கு விடை ஆகாது. அறிவித்த கெடுவுக்குள் முடிவெடுக்க முடியாமல் போனது நிர்வாகத்தின் குறை. அதன் சுமையை ஏன் ஊழியர் சுமக்க வேண்டும்? நீட்டிப்பு ஒரு சலுகை, இல்லையென்றால் அன்றே அனுப்பியிருப்பார்கள் என்பது இரண்டாவது. சில நேரம் அது உண்மை. உண்மையாக இருக்கும் இடத்தில் அது கெடு முடியும் முன்பே, எழுத்தில், எதில் குறை என்று சொல்லி, ஒரே ஒரு தடவை வரும். காரணம் சொல்லாமல் மூன்றாவது முறையாக வரும் நீட்டிப்பு இரண்டாவது வாய்ப்பு அல்ல, குறைந்த விலைக்கு வாங்கிய நிரந்தர உழைப்பு. மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது: 480 என்று கோடு போட்டால் 470-ல் நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்து வேறு எண்ணில் புதிதாக எடுப்பார்கள், சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர் வயிற்றில்தான் அடி. நடப்பதும் அதுதான், மறுக்க முடியாது. ஆனால் இந்த ஏமாற்று கண்ணுக்குத் தெரியும் ஏமாற்று. சம்பளப் பதிவேட்டில் ஒரே ஆள் ஒவ்வொரு இருபது மாதத்துக்கும் ஒரு முறை காணாமல் போய்த் திரும்பி வந்தால், செயற்கை இடைவெளி என்று தொழிலாளர் ஆய்வாளரால் காட்ட முடியும். கடிதத்தின் வாசகத்தில் செய்யும் ஏமாற்றை அப்படிக் காட்ட முடிவதில்லை. அது சட்டத்தின் உடையிலேயே வருகிறது.

நாட்காட்டிக்கு உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. வேலை பார்ப்பவரைத் தொழிலாளி என்றே சொல்லாமல் விட்டுவிட்டால் எண்ண ஆள் இருக்காது. 1961 பயிற்சியாளர் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி அல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை மூன்று ஆண்டுக்கு ‘அப்ரன்டிஸ்’ என்று எடுத்து, விடுதியில் தங்கவைத்து, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ இந்தச் சந்தில்தான் வளர்ந்தது. கதிர் ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டா என்று மில்லில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். மூன்று ஆண்டில் 480 நாள் தாராளமாக வந்துவிடும். ஆனால் பயிற்சியாளருக்கு அந்தக் கணக்கு ஓடாது என்று நிர்வாகங்கள் நின்றன. 1935-ல் பதிலி அட்டை பார்த்த வேலையை இங்கே பயிற்சி என்ற பெயர் பார்த்தது. குறிப்பிட்ட கால வேலை என்ற இன்னொரு பெயரும் வந்தது: நிலையாணை விதிகளில் 2003-ல் நுழைந்து, 2007-ல் நீக்கப்பட்டு, 2016-ல் ஆயத்த ஆடைத் தொழிலுக்கும் 2018-ல் எல்லாத் தொழிலுக்கும் திரும்பி வந்தது. இதில் நீட்டிப்பு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் தன்னளவில் முடிந்த ஒன்று. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்காவது முடிவில் நிரந்தரம் என்ற ஒரு சொல் காத்திருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பு 1946 நிலையாணைகள் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, 100 என்ற வரம்பை 300 ஆக்கியது. இருநூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு நூற்பாலைக்கு, மத்தியச் சட்டப்படி, நிலையாணை எழுதிச் சான்று பெறும் கடமை இனி இல்லை. விம்கோ காவலாளியைக் காப்பாற்றியது எதுவோ அது அங்கே இருக்காது. குறிப்பிட்ட கால வேலைக்கு ஒப்பந்தம் முடிவது அந்தத் தொகுப்பிலும் ஆட்குறைப்பு ஆகாது. தமிழ்நாட்டில் அந்த ஆலையின் புதுத் தொழிலாளியிடம் மிஞ்சுவது, 1981 சட்டத்தின் 480 நாள்; அதை நிரூபிக்க, ஆலை வாசலில் விரல் வைக்கும் வருகைப் பதிவு எந்திரத்தின் கணக்கு.